படுத்தபடி படம் பார்க்கச் சில மலிவான சாதனங்கள்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம் என்று ஆசையாக வாங்கிய ஹோல்டரும் ஸ்டாண்டும் பல வீடுகளில் சில வாரங்களிலேயே பரணுக்குப் போய்விடுகின்றன. பொருள் மட்டம் என்று பழி போடுகிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஒருக்களித்துப் படுத்தே பழகியவர், மல்லாந்து படுப்பவருக்கான ஹோல்டரை வாங்கியிருப்பார். தலைமாட்டில் பலகையே இல்லாத கட்டிலுக்குக் பலகையின் விளிம்பைக் கவ்வும் கிளாம்ப் வைத்த ஸ்டாண்டு வந்து சேர்ந்திருக்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன், கட்டிலையும் நீங்கள் படுக்கும் விதத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு நாள் கவனித்தால் போதும். படம் தொடங்கும்போது எல்லோரும் ஒழுங்காகச் சாய்ந்துதான் உட்காருவோம். முக்கால் மணி நேரம் கழித்து எந்த நிலையில் கிடக்கிறீர்கள் என்பதே கணக்கு. சாய்ந்து உட்கார்ந்தபடியா, மல்லாந்தா, ஒருக்களித்தா? அந்த நிலைக்குத்தான் சாதனம் வேண்டும். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிப் பார்ப்பது உங்கள் வழக்கமென்றால், அதற்கு ஏற்ற சாதனத்தைத் தேடாதீர்கள், நிலையை மாற்றுங்கள். கழுத்தைப் பின்னால் மடக்கி வைத்தபடி இரண்டரை மணி நேரம் இருப்பதை எந்த ஸ்டாண்டும் சரிசெய்யாது.

பிறகு அளவு நாடாவை எடுங்கள். தலைமாட்டுப் பலகையின் தடிமன், அதன் மேல்விளிம்பிலிருந்து படுத்த நிலையில் உங்கள் கண் வரை உள்ள தூரம், பிளக் பாயிண்டிலிருந்து தலையணை வரை கேபிள் சுற்றிவர வேண்டிய தூரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்திருக்க, வேறொருவர் அளப்பது நல்லது. எழுந்து அளந்தால் கணக்கு தப்பும்.

திரை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைத் திரையின் அங்குலம் மட்டும் முடிவு செய்வதில்லை, கண்ணிலிருந்து அதன் தூரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 6.5 இன்ச் மொபைலில் வழக்கமான 16:9 படம் ஏறக்குறைய 12 செ.மீ. அகலம் இருக்கும். 40 செ.மீ. தள்ளி வைத்தால் அது கண்ணில் 17 பாகை கோணத்தை நிரப்பும். அதே தூரத்தில் 10 இன்ச் டேப்லெட்டின் 22 செ.மீ. படம் 31 பாகையை நிரப்பும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் 43 இன்ச் டிவி தருவதோ 27 பாகைதான். திரையரங்குகளுக்குச் சொல்லப்படும் கோணம் 30 முதல் 40 பாகை வரை. அதாவது, வீட்டில் பழைய டேப்லெட் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால், படுக்கைக்கு அதைவிட நல்ல திரை கிடையாது. பேட்டரி தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, கேபிளைச் செருகியே வைத்துப் பார்க்கலாம். பேட்டரி உப்பிப் பின்மூடி புடைத்திருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

சாய்மானம்

சாய்ந்து பார்ப்பவர்கள் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குவார்கள். அடுக்கு சரியும். இடுப்பு முன்னால் வழுக்கும். கடைசியில் முதுகு வில்லாக வளைந்து தாடை நெஞ்சில் முட்டி நிற்கும். தலை மட்டுமே நாலரை ஐந்து கிலோ எடை. அதைக் கழுத்துத் தசைகள் முன்னால் தொங்கவிட்டபடி பிடித்திருப்பதால்தான் படம் முடிந்ததும் பிடரி கடுக்கிறது.

இதற்கு ஆப்பு வடிவ ஃபோம் தலையணை நல்ல தீர்வு. அடியில் 60 செ.மீ. நீளமும் பின்பக்கம் 30 செ.மீ. உயரமும் இருந்தால் சாய்வு சுமார் 27 பாகை வரும். மல்லாந்த நிலைக்கும் உட்கார்ந்த நிலைக்கும் நடுவில் அது இதமான இடம். வாங்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அடிவரை அமுங்கினால் ஒரு மணி நேரத்தில் சாய்வு பாதியாகிவிடும். கையை எடுத்ததும் சட்டென எழும்பும் கெட்டி ஃபோம்தான் முதுகைத் தாங்கும். படுக்கும்போது இடுப்பு, ஆப்பின் மெல்லிய விளிம்பை ஒட்டியிருக்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது. முழங்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய போர்வையைக் கொடுத்தால் இடுப்பு முன்னால் வழுக்குவது நின்றுவிடும். செலவே இல்லாத இந்தப் போர்வைதான் பாதி வேலையைச் செய்கிறது.

மடியில் வைக்கும் மடக்கு மேசை லேப்டாப்பில் பார்ப்பவர்களுக்கு அவசியம். லேப்டாப்பை மெத்தையிலோ போர்வையிலோ நேராக வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, சூடேறி, விசிறி இரைந்து, படமும் தடுமாறும். மேசையின் கால்கள் விரிந்த நிலையில் பூட்டிக்கொள்கின்றனவா, தொடைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு போதும்.

வளையும் கழுத்து ஹோல்டர்

கூஸ்நெக் ஹோல்டர் என்று விற்பதுதான் இந்த வகையில் மிக மலிவானது, அதிகம் வாங்கப்படுவது, அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. சரியாகப் பொருத்தினால் வருடக்கணக்கில் உழைக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பொருத்துவது எளிது.

மேலுறையை நீக்கிப் பார்த்தால், உருண்டைக் கம்பிச் சுருள் ஒன்றும் அதன் இடுக்குகளில் முக்கோணக் கம்பிச் சுருள் இன்னொன்றும் இறுக்கமாகப் பின்னிக் கிடக்கும். இரண்டும் ஒன்றோடொன்று உராய்வதால்தான் வளைத்த இடத்தில் கழுத்து நிற்கிறது. உராய்வு தாங்கும் எல்லையைச் சுமை தாண்டினால் கழுத்து மெதுவாகத் தலை குனியும். சுமை என்றால் எடை மட்டுமல்ல, எடையும் அது கிளாம்பிலிருந்து எட்டி நிற்கும் தூரமும் பெருகி வருவது. 200 கிராம் மொபைலை 60 செ.மீ. எட்டத்தில் தாங்கும் கழுத்துக்கு, 480 கிராம் டேப்லெட்டை அதே எட்டத்தில் மாட்டினால் சுமை 2.4 மடங்காகிறது. மொபைலுக்கென விற்கும் ஹோல்டரில் டேப்லெட்டை மாட்டினால் படம் பாதியில் குனிவது இதனால்தான். டேப்லெட்டுக்கு ஸ்பிரிங் வைத்த மடக்குக் கை ஸ்டாண்டு அல்லது கனமான அடித்தட்டு கொண்ட தரை ஸ்டாண்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் ஒரே முறை.

பொருத்தும் முறை இப்படி. முதலில் கிளாம்ப் வாய் உங்கள் பலகையின் தடிமனைவிட அரை செ.மீ.யாவது அகலமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பலகைக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் ரப்பரை மடித்து வையுங்கள். வழவழப்பான பாலிஷ் மரத்தில் கிளாம்ப் மெல்லச் சுழல்வதை அது தடுக்கும், மரத்தில் தழும்பும் விழாது. ஸ்க்ரூவைக் கையால் இறுகும் வரை திருகி, அதன்பிறகு கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். பிளாஸ்டிக் கிளாம்பில் அதற்கு மேல் போனால் மரை வழுக்கிவிடும்.

மொபைலை மாட்டாமலே கழுத்தை வளைத்து முடிக்க வேண்டும். மொபைல் மாட்டிய தலையைப் பிடித்து இழுத்து வளைப்பவர்கள்தான் கழுத்தின் நுனியில் கவ்வியைத் திருப்ப உதவும் பந்து மூட்டை உடைக்கிறார்கள். இரண்டு கையாலும், வளைவு வேண்டிய இடத்துக்கு இருபுறமும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். எந்த வளைவும் மூடிய முட்டிக்கையைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. கூர்மையாக மடித்தால் முக்கோணக் கம்பி இடுக்கிலிருந்து பிதுங்கி வெளியே வரும். அப்புறம் அந்த இடம் என்றைக்கும் தளர்வுதான். கழுத்தை முறுக்கவும் வேண்டாம்.

வடிவம் முக்கியம். பலகையிலிருந்து நேராக முன்னால் நீட்டிவிட்டால் முழு நீளமும் நெம்புகோலாகிவிடும். அதற்குப் பதில், கிளாம்பிலிருந்து முதலில் நேர்மேலே ஏற்றி, பிறகு முன்னால் வளைத்து, கடைசியில் கீழ்நோக்கி இறக்குங்கள், குனிந்த அன்னத்தின் கழுத்துபோல. இப்படிச் செய்தால் 90 செ.மீ. கழுத்து கிடைமட்டமாக எட்டும் தூரம் 45 செ.மீ.க்குள் அடங்கும், சுமையும் ஏறக்குறைய பாதியாகும். தேவையான உயரத்தைவிட இரண்டு விரல் மேலே நிறுத்திவிட்டு மொபைலை மாட்டுங்கள். முதல் சில நிமிடங்களில் எப்படியும் அந்த இரண்டு விரல் இறங்கும்.

மாட்டும்போது எல்லோரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் கவ்வி மொபைலின் பக்கவாட்டைப் பிடிக்கிறது, வால்யூம் பட்டனும் பவர் பட்டனும் அங்கேதான் இருக்கின்றன. கவ்வி அவற்றின் மேல் உட்கார்ந்தால் ஒலி தானாக உச்சத்துக்குப் போகும், அல்லது திரை அணையும், சில மொபைல்கள் அவசர அழைப்பையே தொடங்கிவிடும். மொபைலை முழு மையத்தில் வைக்காமல், பட்டன் இல்லாத பக்கமாக இரண்டு செ.மீ. நகர்த்திக் கவ்வவையுங்கள். அப்போது கனமான பக்கம் கீழே சுழலப் பார்க்கும். பந்து மூட்டின் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் நின்றுவிடும்.

இன்னொரு தொல்லை ஆட்டம். நீங்கள் காலை அசைத்தால் கட்டில் அசைகிறது, கட்டில் அசைந்தால் கழுத்தின் நுனியில் திரை பல மடங்கு ஆடுகிறது. கிளாம்பைக் கட்டிலிலேயே மாட்டும்வரை இது தீராது. பக்கத்து மேசையிலோ சுவர் அலமாரியிலோ மாட்டினால் ஆட்டம் அடங்கிவிடும். தலைமாட்டுப் பலகையே இல்லாத கட்டிலுக்கும் இதுதான் வழி. மேசையும் இல்லையென்றால் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை, 50 செ.மீ. நீளத்தில், 40 செ.மீ. மெத்தைக்கு அடியிலும் 10 செ.மீ. வெளியிலுமாகச் செருகி, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கிளாம்பை மாட்டலாம். உங்கள் எடையே பலகையை அமுக்கிப் பிடிக்கும். ஆட்டம் கொஞ்சம் இருக்கும், ஆனால் பிடிப்பு உறுதி.

தயவுசெய்து மொபைலை முகத்துக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். 40 செ.மீ. உயரத்திலிருந்து 200 கிராம் எடை மூக்கிலோ பல்லிலோ விழுந்தால் காயம் நிச்சயம். திரையை நெஞ்சுக்கு மேலே கொண்டுவந்து, முகம் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். விழுந்தாலும் போர்வையில்தான் விழும். உறையில் கயிறு மாட்டும் துளை இருந்தால் ஒரு கயிற்றைக் கோத்து, கழுத்தின் மேல்வளைவில் கட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. பக்கத்தில் குழந்தை தூங்கும் கட்டிலானால் இந்தக் கயிறு இல்லாமல் மாட்டவே கூடாது. கயிற்றின் மிச்சத்தைத் தொங்கவிடாமல் வெட்டிவிடுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு

ஒருக்களித்துப் படுக்கும்போது உங்கள் இரண்டு கண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. படத்தின் கிடைக்கோடு கண்களின் கோட்டோடு இணையாக இருந்தால்தான் மூளைக்கு வேலை குறைவு. அப்படியென்றால் மொபைல் மெத்தையின்மேல் செங்குத்தாக நிற்க வேண்டும், படமோ மொபைலின் நீளவாக்கில் ஓட வேண்டும். தானாகத் திரும்பும் வசதி இதைக் கெடுத்துவிடும். மொபைலை நிமிர்த்தி வைத்ததும் படம் குறுகிப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டில் முதலில் மொபைலைக் கிடைமட்டமாகப் பிடித்துப் படத்தை முழுத்திரையில் ஓடவிட்டு, பிறகு சுழற்சியைப் பூட்டுங்கள். வீடியோ செயலிக்குள்ளேயே பூட்டு இருந்தால் அதைப் பயன்படுத்துவது இன்னும் நம்பகம், விஎல்சி (VLC) என்ற வீடியோ செயலியில் அது உண்டு. ஐபேடில் எந்த நிலையிலும் பூட்டலாம். ஐபோனின் பூட்டு செங்குத்து நிலைக்கு மட்டுமே. அதில் பூட்டைப் போட்டுவைத்தாலும் பல வீடியோ செயலிகளில் முழுத்திரைப் பட்டனைத் தொட்டால் படம் நீளவாக்கில் விரியும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான்.

மல்லாந்து படுத்து, தரையைப் பார்த்தபடி மொபைலை மாட்டினாலும் பூட்டு தேவை. திரை எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதை மொபைல் புவியீர்ப்பின் திசையை வைத்துத்தான் கணிக்கிறது. திரை கிடையாகக் கீழே பார்க்கும்போது அந்த விசை திரைக்கு நேர்செங்குத்தாக இருப்பதால், சென்சாருக்குத் திசை புலப்படாமல் படம் கண்டபடி சுழலும். கோளாறு மொபைலில் இல்லை.

ஒருக்களித்த நிலைக்கு நீண்ட கழுத்து தேவையில்லை. மேசை மேல் வைக்கும் சிறிய மடக்கு ஸ்டாண்டு, மெத்தைக்குச் சமமான உயரத்தில் பக்கத்து மேசையில் இருந்தால் போதும். மெத்தையின் மேலேயே வைப்பதானால் அடியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வையுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டு சாய்ந்துகொண்டே போகும். செங்குத்தாக மொபைலை நிறுத்தும்போது சார்ஜர் துளை அடியில் அமுங்கும். அதற்குத் தலைகீழாக நிறுத்தி, படத்தைப் பூட்டிக்கொண்டால் கேபிள் மேலே வந்துவிடும்.

மல்லாந்து பார்க்கப் பிரிசம் கண்ணாடி

சோம்பேறிக் கண்ணாடி என்ற பெயரில் விற்கும் இது பார்க்க விளையாட்டுப் பொருள்போல இருந்தாலும், கழுத்தை நிமிர்த்தவே முடியாதவர்களுக்குப் பெரிய வரம். உள்ளிருக்கும் பிரிசம் பார்வையை 90 பாகை திருப்பும். தலையணையில் தலை பதிந்திருக்க, கண் கூரையைப் பார்க்க, தெரிவதோ கால்மாட்டிலுள்ள டிவி. எழுத்துகள் இடவலம் மாறாமல் நேராகவே வரும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பார்வைப் பரப்பு குறுகல், ஒரு செவ்வகச் சன்னல் வழியே பார்ப்பதுபோல. அதனால் பெரிய திரையைக் கிட்ட வைத்தால் ஓரங்கள் வெட்டுப்படும். கண்ணாடியாலான பிரிசம் கனமானது, முக்கால் மணி நேரத்தில் மூக்குத் தண்டில் பதிந்துவிடும். மூக்கணைக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். பவர் கண்ணாடி அணிபவர்கள் அதன்மேலேயே மாட்டும் அகலமான வகையைப் பார்த்து வாங்க வேண்டும். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சிலருக்குத் தலை சுற்றும். அதை மாட்டியபடி எழுந்து நடக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

கையை நீட்டாமல் நிறுத்தவும் ஓட்டவும்

திரையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஹோல்டர் ஆடும். அதனால் ஒரு ரிமோட் வேண்டும். இங்கேயும் தவறான பொருளை வாங்கிவிடும் வாய்ப்பு அதிகம். செல்ஃபி எடுக்க விற்கும் ஒற்றைப் பட்டன் புளூடூத் ரிமோட், மொபைலுக்கு வால்யூம் பட்டனின் கட்டளையைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. அதை வைத்துப் படத்தை நிறுத்த முடியாது. நிறுத்து, ஓட்டு, முன்னே, பின்னே என்று தனித்தனிப் பட்டன்கள் கொண்ட மீடியா ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பழைய வயர்லெஸ் மவுஸ் இருந்தால் அந்த ரிமோட்டும் வேண்டாம். அதன் குட்டி ரிசீவரை, யுஎஸ்பி கருவிகளை மொபைலில் மாட்ட உதவும் ஓடிஜி இணைப்பானில் செருகி ஆண்ட்ராய்டு மொபைலில் மாட்டினால் திரையில் அம்புக்குறி வந்துவிடும். படத்தின்மேல் சொடுக்கினால் கட்டுப்பாடுகள் தெரியும். ஐபேடில் 13.4 பதிப்பிலிருந்து மவுஸ் வேலை செய்கிறது. ரிசீவர் சார்ஜர் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால், புளூடூத் மவுஸ் என்றால் இன்னும் வசதி.

ஒலி

தலையணையில் காது அழுந்தும் நிலையில் சாதாரண இயர்பட் வலிக்கும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தட்டையான ஸ்பீக்கர்களைத் துணிப் பட்டைக்குள் வைத்துத் தைத்த ஹெட்பேண்டு ஏற்றது. வாங்கியதும் உள்ளே விரலை விட்டு, இரண்டு ஸ்பீக்கர்களையும் உங்கள் காதுத் துளைக்கு நேராக நகர்த்திக்கொள்ள வேண்டும். அவை இடம் மாறிக் கிடப்பதால்தான் ஒலி மந்தமாக இருக்கிறது என்று பலர் திருப்பி அனுப்புகிறார்கள். தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டை ஸ்பீக்கரும் உண்டு. வசனத்துக்கு அது போதும், இசைக்குப் போதாது.

ஒரு காதில் மட்டும் கேட்பவர்கள் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் இரு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் மோனோ ஒலியை இயக்குங்கள். இல்லையென்றால் இடப்பக்கம் பேசும் பாத்திரத்தின் குரல் உங்களுக்கு வராமலே போகலாம்.

புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். சாதாரண இணைப்பில் 0.2 நொடி வரைகூட ஆகும். ஒலி 0.125 நொடி பின்தங்கினாலே மனிதர்கள் கவனித்துவிடுகிறார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. மொபைலிலும் டேப்லெட்டிலும் வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி ஈடுகட்டிவிடுகின்றன. மலிவு விலை புரொஜெக்டரும் பழைய டிவியும் அதைச் செய்வதில்லை. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஓடும். விஎல்சியில் ஒலித் தாமதத்தைக் கையால் மாற்றலாம். ஒலி பின்தங்குகிறதென்றால் எதிர்க்குறி எண்ணாக, 50 மில்லிநொடி வீதம் நகர்த்திக்கொண்டே வந்து, உதடு கூடும் இடத்தில் நிறுத்துங்கள். மற்றபடி வயர் இயர்போன்தான் சுலபமான மருந்து, அதில் தாமதமே இல்லை. இருவர் சேர்ந்து பார்க்க 3.5 மி.மீ. பிரிப்பான் ஒன்று போதும்.

யுஎஸ்பி சி துளையிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் குட்டிக் கேபிளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒலியை மாற்றும் சிப் உள்ளேயே இருக்கும், மற்றொன்று வெறும் கம்பி. வெறும் கம்பி வகை பல மொபைல்களில் வேலையே செய்யாது. உறையில் டேக் (DAC) சிப் உள்ளது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்.

கேபிளும் சூடும்

முழு சார்ஜில் தொடங்கினால் ஒரு படத்துக்கு நடுவில் சார்ஜ் ஏற்றத் தேவையே வராது. தேவைப்பட்டால் 2 மீட்டர் கேபிள், முனை எல் வடிவில் மடங்கியது வாங்குங்கள். நேர் முனை வயிற்றிலோ மெத்தையிலோ முட்டி, நாளடைவில் மொபைலின் துளையைத் தளர்த்திவிடும். 3 மீட்டருக்கு மேல் மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுவதால் சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறும்.

பவர் பேங்கையோ சார்ஜ் ஏறும் மொபைலையோ தலையணைக்கு அடியில், போர்வைக்குள் வைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மேசை, தரை, மரப்பலகை என்று காற்றுப்படும் கெட்டியான இடத்தில்தான் அவை இருக்க வேண்டும்.

சிறிய புரொஜெக்டர்

எல்லாவற்றிலும் ஆசை காட்டுவதும், விவரம் தெரியாமல் வாங்கினால் அதிகம் வருந்த வைப்பதும் இதுதான். பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் (வெளிச்சத்தின் அளவு) போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, ஆன்சி (ANSI) தரமுறைப்படி அளந்த ஆன்சி லூமென் எவ்வளவு என்று மட்டும் தேடுங்கள். அது போடப்படவில்லையென்றால் 100க்குக் கீழே என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 50 வாட் இழுக்கும் சிறு எல்இடி புரொஜெக்டரிலிருந்து ஆயிரக்கணக்கான லூமென் வருவதற்கு வழியே இல்லை.

திரையரங்கில் வெண்திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டலா என்பது தரம். 60 இன்ச் படத்தின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். 150 ஆன்சி லூமென் புரொஜெக்டர் அந்த அளவில், வெள்ளைச் சுவரில், திரையரங்கத் தரத்தை ஏறக்குறைய எட்டிவிடும். அதே புரொஜெக்டரை 120 இன்சுக்கு விரித்தால் பரப்பு நான்கு மடங்கு, ஒளிர்வு கால்வாசி, படம் சாம்பல் பூத்துத் தெரியும். ஆகவே சின்னதாக, பளிச்சென்று பாருங்கள். படுக்கையறைக்கு 60 முதல் 70 இன்ச் தாராளம்.

அளவைத் தீர்மானிப்பது த்ரோ விகிதம், அதாவது சுவரிலிருந்து உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. 1.2 என்று போட்டிருந்தால், சுவரிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி வைக்கும்போது படத்தின் அகலம் 2 மீட்டர், அதாவது 90 இன்ச். 1.8 மீட்டர் தள்ளினால் 1.5 மீட்டர் அகலம், 68 இன்ச். உங்கள் அறையில் புரொஜெக்டர் எங்கே உட்காரும் என்று முதலில் முடிவு செய்து, இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1080பி ஆதரவு என்பது வேறு, உள்ளே இருக்கும் திரையின் சொந்தத் துல்லியம் வேறு. 800×480 புள்ளிகள் மட்டுமே கொண்ட புரொஜெக்டரும் 1080பி படத்தை வாங்கிக் குறைத்துக் காட்டும். சப்டைட்டில் வாசிப்பவராக இருந்தால் 1280×720க்குக் கீழே போக வேண்டாம். புரொஜெக்டருக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது என்பதற்காக மயங்கவும் வேண்டாம். உரிமப் பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டிகளில் சந்தா செயலிகள் மங்கலான தரத்தில் மட்டுமே ஓடும், சில திறக்கவே மறுக்கும். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுவதே நிம்மதி. மொபைலை எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்க நினைப்பவர்கள், அந்த மொபைலின் யுஎஸ்பி சி துளை வீடியோவை வெளியே அனுப்புமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விலை குறைந்த மொபைல்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

கூரையில் படம் காட்டுவது மல்லாந்து படுப்பவர்களின் கனவு. அறை நடுவே மின்விசிறி இருந்தால் அந்தக் கனவை விட்டுவிடுங்கள். இறக்கைகள் ஒளியை வெட்டிப் படம் மினுக்கும், நிறுத்தினாலும் நிழல் நடுவில் விழும். விசிறி இல்லாத அறையானால், படத்தின் மேல்பகுதி உங்கள் தலைமாட்டுப் பக்கம் வருமாறு புரொஜெக்டரைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் தலைகீழாக நடப்பார்கள். லென்ஸ் மேல்நோக்கியபடி இயங்க அந்த மாடலுக்கு அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் காற்றுத் துளைகள் பின்பக்கம் இருப்பதால் நிமிர்த்தி வைத்ததும் அவை அடைபடும். பார்த்து முடித்ததும் லென்ஸை மூடிவிடுங்கள், மேல்நோக்கிய லென்ஸில் தூசி சீக்கிரம் படியும்.

சுவரில் காட்டும்போது புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக, படத்தின் மட்டத்துக்கே உயர்த்தி வைக்கப் பாருங்கள். கீழிருந்து அண்ணாந்து காட்டினால் படம் மேலே அகன்று சரிவகமாகும். கீஸ்டோன் திருத்தம் அதை நேராக்கும், ஆனால் படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். இருக்கிற கொஞ்சப் புள்ளிகளிலும் ஒரு பங்கு வீணாகும். மேல்வரி தெளிவாக இருந்தால் கீழ்வரி மங்கும். நான்கு புத்தகங்களை அடியில் அடுக்குவது கீஸ்டோனைவிட நல்லது. மெத்தையின்மேல் மட்டும் வைக்காதீர்கள்.

வெளிச்சமும் தூக்கமும்

கும்மிருட்டில் பளீரென்ற ஒற்றைத் திரையைப் பார்ப்பது கண்ணை உறுத்தும். டிவிக்குப் பின்னால், ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டையை ஒட்டினால் சுவரில் மெல்லிய ஒளி பரவும், கறுப்பும் கறுப்பாகத் தெரியும். டிவியின் யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர்தான் தரும். அதற்கு மேல் இழுக்கும் பட்டை மினுக்கும், அப்போது தனி சார்ஜரில் செருகுங்கள். மொபைலில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் கூசினால், ஆண்ட்ராய்டு 12 முதல் கூடுதல் மங்கல் வசதி இருக்கிறது. ஐபோனில் வெண்புள்ளியைக் குறைக்கும் அமைப்பு அணுகல்தன்மைப் பகுதியில் உள்ளது.

பாதிப் படத்தில் தூங்கிவிடுபவர்கள் அடுத்த எபிசோடு தானாகத் தொடங்குவதை முதலில் நிறுத்துங்கள். விஎல்சியில் குறித்த நேரத்தில் படத்தை நிறுத்தும் தூக்க டைமர் உண்டு, டிவிகளிலும் உண்டு. ஐபோனில் கடிகாரச் செயலியின் டைமரைத் திறந்து, முடியும்போது ஒலிக்க வேண்டிய மணிக்குப் பதிலாக, பட்டியலின் கடைசியிலுள்ள இயங்குவதை நிறுத்து என்பதைத் தேர்ந்தெடுத்தால், சொன்ன நேரத்தில் படம் நின்று திரையும் பூட்டிக்கொள்ளும். படத்தின் மிச்ச நேரத்தைவிடப் பத்து நிமிடம் கூட்டி வையுங்கள். தூங்காமல் விழித்திருந்தால் உச்சக்கட்டத்தில் திரை அணைந்துவிடக் கூடாது.